மஞ்சள் யூனிட்

மறுபடியும் தாளில் படலம் பிடித்திருந்தது. ஓடுகிற மிஷினிலிருந்து தாளை உருவும்போதே தவசிலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் தன் கண் பொய் சொல்லியிருக்கக்கூடும் என்பதுபோல அதை லைட் டேபிளில் விரித்து, மூலைகளை உள்ளங்கையால் நீவி, லென்ஸை வைத்துக் குனிந்தான். மை படவே கூடாத வெற்றுத் தாளில் மெல்லிய மஞ்சள் படலம். நீர்மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்து கலைந்தாற்போல. வேறு யாரிடம் காட்டினாலும் தாளின் நிறமே அதுதான் என்பார்கள். அவனால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது, கண் அப்படிப் பழகிப்போயிற்று. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலைச் சாம்பாரும் தன் இலைச் சாம்பாரும் ஒரே வாளியா என்று பார்க்கிற கண். நேற்று வரை இந்த மிஷின் இப்படிச் செய்ததில்லை. தண்ணீர் இல்லாமல் அடிக்கிற ஆப்செட் இது, சிவகாசியில் இந்த மாதிரி மிஷின் வைத்திருக்கிறவர்கள் குறைவு. மற்ற மிஷின்களில் மை வேண்டாத இடத்தில் தண்ணீர் நின்று மையைத் தள்ளிவிடும். இதில் அந்த வேலையை பிளேட்டின் மேல் இருக்கிற சிலிகோன் தோல் பார்த்துக்கொள்கிறது. அதில் மை ஒட்டாது. ஒட்டாது என்பது மை குளிர்ந்திருக்கிறவரைதான். சூடேறினால் மை இளகும், இளகினால் போகக்கூடாத இடமெல்லாம் போய் உட்காரும். அதனால்தான் ரோலர்களுக்கு உள்ளே குழாய் வைத்து சில்லரில் குளிரவைத்த தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். கருப்பு ஒழுங்காக இருக்கிறது, நீலம் ஒழுங்காக இருக்கிறது, சிவப்பு ஒழுங்காக இருக்கிறது. மஞ்சள் யூனிட் மட்டும் காலையிலிருந்து சொன்னபேச்சு கேட்கவில்லை. மஞ்சள், மஞ்சள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து, உடனே அந்த வார்த்தையை விட்டு விலகினான், சுட்ட பாத்திரத்திலிருந்து கையை எடுப்பதுபோல.

சில்லர் பேனலில் இரண்டு டிகிரி குறைத்தான். குறைத்துவிட்டு நின்றான். குளிர்ச்சி ரோலர் வரைக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும், அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாத அந்த நேரம்தான் இன்றைக்கு அவனுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கை சும்மா இருந்தால் மனம் வீட்டுக்குப் போய்விடுகிறது. வீட்டுக் கொடியில் காயும் பாப்பாவின் துணிகள், அவற்றில் கசக்கிக் கசக்கித் துவைத்தும் போகாத கறை, மூத்திரக் கறை, கடுங்காப்பி மாதிரி. பச்சைப்பிள்ளைக்கு மூத்திரம் அப்படியா இருக்கும், தண்ணீர் மாதிரியல்லவா இருக்கவேண்டும், வெயில் காலம், சூட்டுப் பிள்ளை, பால் பத்தவில்லையோ என்னவோ. "தவசி, இப்ப ஒண்ணு எடுத்துப் பாரு" என்றான் மரியசெல்வம். தாள் ஏற்றுகிற முனையில் நிற்கிறவன் அவன், தவசிக்கு வயதொத்தவன். எடுத்துப் பார்த்தான். படலம் குறைந்திருந்தது. சந்தோஷம் வருவதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது: அடர்ந்த நிறக் கட்டங்களுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். குளிர்ந்த மை இறுகிவிட்டது, இறுகிய மை தாளின் தோலையே பிய்த்துக்கொண்டு வருகிறது. சூடேற்றினால் படலம், குளிரவைத்தால் புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கவேண்டும், எல்லா மைக்கும் அப்படி ஓர் இடம் உண்டு, அதில் நிறுத்திவிட்டால் நாள் முழுக்க ஓடும். இன்று திறந்த இந்த மை டின்னில் அந்த இடம் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஒரு டிகிரி ஏற்றினான். படலம். அரை டிகிரி இறக்கினான். படலமும் இருந்தது, புள்ளியும் இருந்தது. பிளேட்டை மாற்றியாயிற்று, மையைத் தாளுக்குக் கடத்துகிற ரப்பர் பிளாங்கெட்டைத் துடைத்தாயிற்று, ரோலர் அழுத்தத்தைத் தளர்த்தியாயிற்று, வேகத்தைக் குறைத்தாயிற்று, முந்தைய டின்னில் மீந்த மையை வழித்துப் போட்டுப் பார்க்கலாமென்றால் அது குப்பைக்குப் போய்விட்டது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மிஷின் முன்னால் நிற்பது அவனுக்குப் பழக்கமில்லாத காரியம்.

மேனேஜர் அய்யாச்சாமி அண்ணாச்சி வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் வந்து நின்றால் மூக்குப்பொடி வாசனை முதலில் வரும். "என்னப்பா, டாக்டரம்மா வந்து எம்புட்டு நேரமாச்சு. ஒரு ஓகே ஷீட்டு குடுத்தேன்னா கையெழுத்துப் போட்டுட்டு அவுங்க மதுரைக்குக் கெளம்புவாக." தவசி தாளைக் காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எங்க?" "இந்தா, இந்த வெத்து எடத்துல. அப்புறம் மொத மூணு கட்டத்துல." "எனக்கு ஒண்ணும் தெரியலையே." "தெரியாது அண்ணாச்சி. இருக்கு." "எனக்கே தெரியலைன்னா அந்தம்மாவுக்கு மட்டும் தெரியவா போகுது. லேசாத்தானே இருக்கு." வேறு வேலையாக இருந்தால் தவசியே அப்படித்தான் சொல்லியிருப்பான். முறுக்குப் பாக்கெட்டுக்கும் ஊதுபத்தி அட்டைக்கும் இந்தப் படலம் ஒரு பொருட்டா. "இதுல லேசா இருந்தாலும் தப்பு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் பேசினால் குரல் வேறு எங்கோ போய்விடும் என்று பயமாயிருந்தது. அண்ணாச்சி அவனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஒடம்புக்கு முடியலையா" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கேன்." அவர் போன திசையில் கண்ணாடி அறை. அறைக்குள் டாக்டர் ஷெரின் நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை மேஜையில் வைத்துவிட்டு, போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். குட்டையான பெண், ஆண்பிள்ளை வாட்ச் கட்டியிருந்தார். நடந்தால் இருபது முப்பது எட்டுதான் இருக்கும். அந்த அறைக்குள் போனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கவேண்டும். காலையிலிருந்து அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே வேலை பார்க்கிறான், ஆனாலும் முதுகில் கண் இருப்பதுபோல அந்த அம்மாள் எப்போது எழுந்தார், எப்போது ஜன்னலோரம் நின்றார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

போன வாரம் முதல் தடவை வந்தபோது அவர் மிஷின் பக்கத்திலேயே நின்று விளக்கினார். மதுரையில் சின்னப்பிள்ளைகளின் ஈரல் நோய்க்கென்று ஏதோ ஓர் அறக்கட்டளை, அவர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, பிரசவமான ஒவ்வொரு தாய் கையிலும் கொடுக்கப்போகிற அட்டை இது. அட்டையில் ஒன்பது கட்டம். ஒவ்வொன்றும் பச்சைப்பிள்ளையின் மலத்தின் ஒரு நிறம். முதல் மூன்றும் வெளுப்பு, மற்ற ஆறும் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாக, நல்ல நிறங்கள். "ஈரல்லேர்ந்து பித்தம் எறங்குற குழாய் சில பிள்ளைங்களுக்கு அடைச்சுப்போயிருக்கும். பித்தம் குடலுக்கு வராததால மலம் வெளுத்துரும், பித்தம் ரத்தத்துல தங்குறதால கண்ணு மஞ்சளாயிரும், மூத்திரம் கறுத்துரும். பிள்ளை பார்க்க நல்லாத்தான் இருக்கும், நல்லாப் பால் குடிக்கும், சிரிக்கும். அதனாலதான் வீட்டுல யாரும் கவனிக்க மாட்டாங்க. ரெண்டு மாசத்துக்குள்ள கொண்டுவந்தா ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தப் பார்க்கலாம். அதுக்கு மேல போச்சுன்னா ஈரலே கெட்டுரும்." அவர் பேசும்போது தவசி புது பிளேட்டை இரண்டு கையிலும் தட்டுபோல ஏந்திக்கொண்டு நின்றிருந்தான். அதைக் கீழே வைக்கவேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. "அதனால நிறம் ரொம்ப முக்கியம். இந்த மூணு கட்டத்துல கொஞ்சம் மஞ்சள் ஏறிட்டாலும் அம்மாக்கள் நல்லாத்தான் இருக்குன்னு நெனைச்சுருவாங்க." தலையாட்டினான். அன்று வீட்டுக்குப் போனதும் கைகழுவாமலே தொட்டிலைப் பார்த்தான். பாப்பா விழித்துக் கிடந்தாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள், அது பிறந்ததிலிருந்தே இருக்கிறதுதான், பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் இருந்ததாம், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று அவள் சொல்லி, மனைவி கனகலட்சுமியும் தினமும் மாடியில் வெயிலில் மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தடுப்பூசி போடப் போன இடத்திலும் குறைந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் குறைந்துவிடும் என்கிறார்கள். அவன் கண்ணுக்கு மட்டும் அது குறையவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் சொல்லத் தெரிந்த கண் சொல்கிறது, ஏறித்தான் இருக்கிறது. அன்றிலிருந்து துணி மாற்றும் நேரத்தில் அவன் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் போய் நிற்கிறான். பார்க்கிறான். பார்த்ததற்குப் பெயர் வைத்துக்கொள்கிறான். சந்தனம் என்று வைத்துக்கொண்டான் முதல் நாள். சந்தனம் நல்ல நிறம்தானே, சந்தனத்தில் மஞ்சள் இருக்கிறதே. அடுத்த நாள் தேங்காய்த் துவையல் என்று. பிறகு முட்டை ஓடு. இன்றைக்குக் காலையில் பார்த்ததற்குப் பெயர் வைக்கவில்லை. வைக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான்.

போனை எடுத்துக்கொண்டு தாள் கட்டுகள் அடுக்கியிருக்கிற மூலைக்குப் போனான். மூன்றாவது மணியில் கனகலட்சுமி எடுத்தாள். "சாப்பிட்டீங்களா?" "இன்னும் இல்ல. பாப்பா என்ன பண்றா?" "தூங்குறா." "பால் குடிச்சாளா?" "குடிச்சா." மிஷின் சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டான். "வெளிக்குப் போனாளா?" "போனா." "எப்படி?" அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ நகர்ந்த சத்தம். "எப்பவும் போலத்தான்." எப்பவும் போல என்றால் எந்த எப்பவும், நேற்றைய எப்பவுமா, முதல் வாரத்து எப்பவுமா. முதல் வாரத்தில் மஞ்சளாகத்தான் இருந்தது என்று அவனுக்கு ஒரு நினைவு, அந்த நினைவு நிஜமா, தான் இட்டுக்கட்டியதா என்று தெரியவில்லை. என்ன நிறம் கனகு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குத் தெரிந்துபோகும். இத்தனை வருஷம் கழித்து வந்த பிள்ளை. வளைகாப்பன்றைக்கு அவள் அழுதாள், ஏன் அழுகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள், அவனுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. இன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியேறுகிறபோது அவள் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொள்கிறாள், அந்தப் பாட்டை நிறுத்துகிற ஆளாக அவன் இருக்கவேண்டுமா. "சரி, வச்சிடுறேன்" என்றான். "ம்" என்றாள். அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அங்கே மின்விசிறிச் சத்தமும் இங்கே மிஷின் சத்தமும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. பிறகு யார் துண்டித்தது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மரியசெல்வம் ஒரு தாளை எடுத்து லைட் டேபிளில் போட்டு வைத்திருந்தான். "சூட்டைக் கொஞ்சம் ஏத்திவிட்டேன் தவசி, புள்ளியெல்லாம் போயிருச்சு. பாரேன், ரொம்ப சுத்தமா வந்திருக்கு." புள்ளி போயிருந்தது. படலம் சமமாகப் பரவியிருந்தது, எங்கும் திட்டில்லாமல், அவ்வளவு சமமாக இருந்ததால் அது பிழை மாதிரியே தெரியவில்லை, தாளே அப்படிப் பிறந்ததுபோல இருந்தது. தவசி முதல் வரிசையைப் பார்த்தான். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். மேஜை ஓரத்தில், சரியான நிறம் இதுதான் என்று டாக்டர் போன வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரித் தாள் கவிழ்த்து வைத்திருந்தது, அதைத் திருப்பவில்லை. இந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் கட்டம் இளம் மஞ்சளாக இருந்தது. காலையில் துணியில் பார்த்தது அவன் கண்முன் வந்தது, தானாக வந்தது, வந்து இந்தத் தாளின் மேல் படிந்துகொள்ள இடம் தேடியது. இரண்டோடு ஒட்டவில்லை, மஞ்சள் ஏறிய ஒன்றோடும் ஒட்டவில்லை. இரண்டையும்விட வெளுப்பு. ஆனால் மூலையில், மை படக்கூடாத வெற்று இடத்தின் மேல் அது வந்து உட்கார்ந்தபோது சரியாகப் பொருந்தியது. வெற்று இடம். அச்சடிக்காத இடம். அங்கே நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டையில் இல்லாத நிறம் என்றால் அட்டை சொல்கிற வியாதியும் இல்லைதானே. நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. நிஜமாகவே இறங்கியது, மூச்சு வயிறு வரை போய்வந்தது, பசிகூட எடுத்தது, வீட்டுக்குப் போகும்போது கனகுவுக்கு அல்வா வாங்கிப்போகலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. நாலைந்து நொடி இருக்கும். அவ்வளவு நிம்மதியாக அவன் இந்த வாரம் முழுக்க இருந்ததில்லை. பிறகுதான் தன் கை அந்தத் தாளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கெட்டுப்போன தாள். கெட்டதென்று தானே காலையிலிருந்து கிழித்துக் கிழித்துப் போடுகிற தாள். அதை நம்பித்தான் நெஞ்சின் பாரம் இறங்கியிருக்கிறது. வெளுப்பைக் காட்டவேண்டிய இடத்தில் மஞ்சளைப் பூசிக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அது சொல்ல, அவனும் ஒன்றுமில்லை என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறான். இப்படித்தான் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டில், ஒருவன் துணியையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவான். மாதிரித் தாளைத் திருப்பினான். அதில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முதல் கட்டம். காலையில் பார்த்தது அதுதான், அதற்குச் சந்தனம் என்றும் துவையல் என்றும் ஓடு என்றும் பெயர் கிடையாது.

"மிஷினை நிறுத்து மரியா." "ஏன், நல்லாத்தானே..." "நிறுத்திரு." மிஷின் ஓய்ந்து அடங்க, கூடத்தில் அவ்வளவு நேரம் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது, வெளியே லாரி, மேலே ஏசி, யாரோ தும்முவது. அய்யாச்சாமி அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தது கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது. தவசி மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. மறுபடி துடைத்தான், சோப்புப் போட்டுக் கழுவினான், துடைத்தான். இன்னும் கொஞ்சநேரம் கழுவிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கழுவுகிறவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிறகு மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு அந்த அறையை நோக்கி நடந்தான். நடக்கும்போது மைக் கம்பெனிக்குப் போன் போட்டு அவர்கள் ஆளை வரச்சொல்லவேண்டும் என்று நினைத்தான், டின்னின் நம்பரைக் குறித்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தான், இதையெல்லாம் நினைக்கிறது யார் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"ரெடியாயிருச்சா?" என்று டாக்டர் ஷெரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இல்ல டாக்டர். இன்னைக்கு வராது போல. வெள்ளையில மஞ்சள் ஏறுது, எனக்கு நிறுத்தத் தெரியலை." "சரி, பரவாயில்லை, நாளைக்கு..." "என் பிள்ளைக்கு..." என்றான். அண்ணாச்சி என்னப்பா என்றார். தவசி மாதிரித் தாளை மேஜைமேல் வைத்து, தாளில் படாமல் ஒரு விரலைக் கட்டத்துக்கு மேலே பிடித்தான். விரல் தாளைத் தொடாததால் எந்தக் கட்டம் என்று டாக்டருக்கு விளங்கவில்லை. "மூணாவதா?" இல்லையென்று தலையசைத்தான். "இதா?" அதுவும் இல்லை. அவர் முதல் கட்டத்தைத் தொட்டார். அவன் தலையசைக்கவில்லை. டாக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. "பிறந்து எவ்வளவு நாள்?" "ரெண்டு மாசம் ஆகப்போகுது." "கண்ணு?" "மஞ்சள்." "வீடு எங்க இருக்கு?" "திருத்தங்கல் ரோட்டுல." "என் கார்லயே போயிரலாம். அம்மாவும் பிள்ளையும் கிளம்பணும், நேரா மதுரை. ராத்திரிக்குள்ள ரத்தம் எடுத்து ஸ்கேன் பார்த்துரலாம்." "காப்பாத்திரலாமா டாக்டர்?" அவர் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "இப்ப தெரியாதுங்க. பார்க்கணும். வாங்க." அண்ணாச்சி அவன் முதுகில் கையை வைத்தார், பின் எடுத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் போன் போட்டான். எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிப் பார்த்தான். சும்மா ஒரு செக்கப் என்று சொல்லலாமா, டாக்டர் இந்தப் பக்கமாக வந்தார் அப்படியே பார்த்துவிடலாம் என்றார் என்று சொல்லலாமா, அவள் நம்பும்படி, மதுரை போய்ச் சேரும்வரையாவது நம்பும்படி. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "கனகு, வண்டி வருது. பாப்பாவைத் தூக்கிட்டு வாசலுக்கு வா. டாக்டர் ஒருத்தங்க கூட இருக்காங்க. மதுரைக்கு..." அடுக்கி வைத்த பொய்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பிள்ளை தூக்கத்தில் முனகுவதும் அவள் தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

"பை கட்டித்தான் வச்சிருக்கேங்க" என்றாள். "போன வாரமே கட்டிட்டேன். நீங்க எப்பச் சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."